கடலுக்கு முதுகு காட்டிய இமாம்

எங்கள் கரையில் ஆண்பிள்ளைக்கு வீடு என்று ஒன்று கிடையாது. இதை யாரும் பகிரங்கமாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். பிறந்து வளர்வது உம்மாவின் வீட்டில். கலியாணம் முடிந்ததும், பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு போய்ச் சேருகிறோம். வீட்டு உறுதிப் பத்திரம் பெண்சாதியின் பெயரில் இருக்கும். அதிகாரம் மாமியின் கையில் இருக்கும். நமக்குக் கட்டிலில் பாதியும், சோற்றுக் கோப்பையில் நல்ல கோழிக்காலும் கிடைக்கும். (கோழிக்கால் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை மரியாதை என்றால் மரியாதைதான்.)

நான் மருதமுனையில் பிறந்து சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தவன். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கதவுக்கு எந்தப் பிணைச்சல் பொருந்தும், எந்தச் சுவருக்கு எந்த ஆணி இறங்கும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். ஆனால் நான் படுக்கிற வீட்டில் ஒரு கலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றால் மாமியின் அனுமதி வேண்டும். அதையும் நேரே கேட்க முடியாது.

எங்கள் மாமி பழைய ஆள். மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர். நான் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, உள்ளே உடுப்பு மடிக்கிற என் மனைவியைக் கூப்பிடுவார். "சிபானா, உன்ட மாப்பிளைக்கி இன்னம் கொஞ்சம் சோறு போடவான்டு கேளு." சிபானா உள்ளேயிருந்து, "போடவாம்?" என்பாள். நான், "போதுமாம்" என்பேன். (யார் சொன்னதாம் என்று கேட்காதீர்கள். பழகிவிட்டது.) எங்கள் மகள் ஹனா பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் இந்தத் தபால் சேவைக்கு ஒருநாள் லீவு கிடையாது.

இப்படிப்பட்ட என்னிடம்தான் சிபானா ஒருநாள் அந்தப் பொறுப்பைத் தந்தாள். பள்ளி விடுமுறைக்கு மாலைதீவு போவதென்று தீர்மானமாகியிருந்தது. மாமா, மாமி, சிபானா, ஹனா, நான். எந்த நாள் போவது, எந்த பிளேன், கொழும்புக்கு யாருடைய வேன், எல்லாவற்றையும் பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். தங்குமிடம் மட்டும்தான் மிச்சம். சிபானா ஆசிரியை, அந்த நேரம் பார்த்து விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. "தங்குற இடத்த மட்டும் நீங்க தேடுங்களன்" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. நான் ஒரு வீட்டைத் தெரிவு செய்யப் போகிறேன்! சில நாட்களுக்கு என்றாலும் வீடு வீடுதானே. என் குடும்பம் நான் பார்த்த கூரைக்குக் கீழே படுக்கப் போகிறது. எனக்குப் பெரிய ஆசை ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குள் மாமி வலது காலை வைத்து, சுற்றிப் பார்த்து, "நல்ல வீடு" என்று ஒரு சொல் சொல்லவேண்டும். சிபானா வழியாகச் சொன்னாலும் போதும். அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாட்டை ஒருவன் காணி வாங்கவும் பட்டிருக்க மாட்டான்.

மாமியின் நிபந்தனைகள் வழமையான தபாலில் வந்தன. பாங்குச் சத்தம் கேட்கவேண்டும். மாமாவின் முழங்காலுக்குப் படி ஆகாது. சோறாக்க ஒரு அடுப்பு வேண்டும். நாய் இருக்கக் கூடாது. நான் கடையில் இருந்துகொண்டு போனில் தீவு தீவாக மேய்ந்தேன். வாளி கேட்டு வந்தவருக்குச் சங்கிலி கொடுத்து அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, "என்ன தம்பி, கடலுக்குள்ளயா இரிக்கிறீங்க?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கடலுக்கு மேல் கால் ஊன்றிக் கட்டிய குடில் ஒன்றை முதலில் காட்டினேன். தரையில் கண்ணாடி, அதற்குக் கீழே மீன் ஓடும். மாமி படத்தை நெடுநேரம் பார்த்தார். "தண்ணிக்கு மேல கட்டில் போட்டுப் படுக்க நாம என்ன மீனான்டு கேளு" என்றார். பிறகு அவராகவே ஒரு யோசனை அனுப்பினார். நம்மட ஊர் ஆள் ஒருவர் அங்கே சமையல் வேலையில் இருக்கிறார், அவருடைய அறையில் நெருக்கி அடித்துப் படுத்தால் என்ன? (எங்கள் ஆட்களுக்கு, தெரிந்தவர் இருக்கிற ஊரில் வாடகைக்குத் தங்குவது அந்தத் தெரிந்தவரின் முகத்தில் அடிப்பது மாதிரி.) நான் அசையவில்லை. இடம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் ஒன்றை உறுதியாகச் சொன்னது அதுதான் முதல்தடவை. மாமாகூடப் பேப்பரை இறக்கிவிட்டு ஒருதரம் என்னைப் பார்த்தார்.

கடைசியில் கண்டுபிடித்தேன். ஊர்ச் சனம் குடியிருக்கிற ஒரு சின்னத் தீவு. பள்ளிவாசல் உண்டு. படியில்லாத கல்வீடு, குசினி, நாய் இல்லை. முன்வாசலில் மணல், மணலில் இரண்டு கதிரை, கதிரைக்கு நேரே கடல், கடலின் மேல் செக்கச் செவேலென்று சூரியன்.

அந்தச் சூரியனில்தான் நான் விழுந்தேன். எங்கள் ஊரில் திசைகள் நான்கு இல்லை, இரண்டுதான். கடல் பக்கம், வயல் பக்கம். "எங்க வீட்டுக்கு அங்கால கடப்பக்கம்", "அந்த வளவுக்கு வயல் பக்கம்", இப்படித்தான் வழி சொல்வோம். சூரியன் கடலில் எழும்பும், வயலில் விழும். கடலில் சூரியன் நின்றால் அது விடியற்காலை. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். படத்துக்குக் கீழே இங்கிலீசில் என்னவோ எழுதியிருந்தது. சூரியனைக் கண்ணால் பார்த்த பிறகு எழுத்தை வாசிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். சுபஹ் தொழுதுவிட்டு வாசலில் இருந்தே சூரியன் எழும்புவதைப் பார்க்கலாம் என்றேன். "அத நம்மட கடக்கரையிலயும் பாக்கலாமேன்டு சொல்லு" என்று தபால் வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நான் மாலைதீவுச் சூரியன் வேறு சூரியன் என்பது போலக் கதைத்துச் சமாளித்தேன்.

பயணத்துக்கு மாமி கட்டிய பொதிகளைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாட்டரிசி, தேங்காய், கொச்சிக்காய்த்தூள் எல்லாம் சரி. ஒரு பெரிய போத்தல் நிறைய மாசிச் சம்பல். மாசிக்கருவாடு உலகத்துக்கே போவது மாலைதீவிலிருந்துதான் என்று நான் சிபானாவிடம் சொன்னேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறோம் என்றும் சொன்னேன். அது மாமிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது போத்தலும் பொதிக்குள் போனது.

நாங்கள் போய் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீட் போட்டில் மாமி தனக்குத் தெரிந்த அத்தனை துஆவையும் ஓதி முடித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார். துறையில் குடையோடு வந்து நின்றவர் வீட்டின் சொந்தக்காரர் ஹசன். சிரித்த முகம், நல்ல மனுஷன். வீட்டுத் திறப்பை என் கையில் தந்தார். மாமியின் கையில் அல்ல, என் கையில்! நான் அதை மழையில் நனைந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இங்கிலீசில், எது எது எங்கே இருக்கிறது, சுவரில் என்ன, முகட்டில் என்ன என்று விளக்கத் தொடங்கினார். நான் எல்லாம் தெரிந்தவன் போல, யெஸ், யெஸ் என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன். (பூட்டு நல்ல பூட்டு. அதை மட்டும் கவனித்தேன்.)

மாமி வலது காலை வைத்தார். குழாயைத் திறந்து பார்த்தார். விரிப்பை மூக்கில் வைத்துப் பார்த்தார். அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நான் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி சுவரோடு நின்றேன். அந்த நேரம் பின்னேரத்து அஸர் பாங்கு காதில் தேன் மாதிரி வந்து விழுந்தது. மாமியின் முகம் இளகியது. சொல் உதட்டுக்கு வந்துவிட்டது, நான் கண்டேன்.

"வாப்பா, இது என்ன?" என்று கெடுத்தாள் ஹனா. கட்டிலில் மல்லாந்து கிடந்துகொண்டு முகட்டைக் காட்டினாள். அங்கே பச்சை நிறத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டியிருந்தது. அது கடலைப் பார்த்தபடி இருந்தது.

வீட்டுக்குரியவன் அல்லவா, தெரியாதென்று சொல்லலாமா? நெருப்புப் பிடித்தால் ஓடுகிற பாதை என்றேன்.

"கடலுக்குள்ளயா ஓடுற?"

நெருப்பென்றால் தண்ணிப் பக்கம்தானே ஓடவேண்டும் என்றேன். எங்கள் ஊர் ரோட்டில் சுனாமிக்குப் பிறகு நட்ட அம்புக்குறியெல்லாம் கடலைவிட்டு வயல் பக்கம் ஓடு என்று சொல்கிறவை. அவள் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. கொஞ்ச நேரம் என்னையும் அம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு மகள் என்று கதையை முடித்தேன்.

மழை விடவில்லை. வழுக்குகிற பாதையில் மாமா பள்ளிக்குப் போகவேண்டாம் என்று மாமி சொல்ல, வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழுவதென்று முடிவானது. ஊரில் என்றால் மாமாதான் இமாமாக நிற்பார். நான் வழக்கம் போலப் பின்னால் போய் நின்றேன். மாமா என் தோளில் கையை வைத்தார். "வீட்டுக்காரன் இரிக்கக்க விருந்தாளி முன்னுக்கு நிக்கப்படாது மருமகன். இடம் பாத்த நீங்கதான், நீங்க நில்லுங்க" என்றார்.

வீட்டுக்காரன்! என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனேன். தொழுகிற திசையை, கிப்லாவை, ஒருதரம் போனில் பார்த்தால் என்ன என்று சிபானா கேட்டாள். வீட்டுக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

"கடல் எங்க இரிக்கி? அந்தா இரிக்கி. அதுக்கு முதுகக் காட்டினா கிப்லா. கடக்கரையில பொறந்தவனுக்கு இதுக்குப் போன் வேணுமா?"

யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? மக்கா எங்களுக்கு வயல் பக்கம். பொத்துவிலில் தொழுதாலும் கடலுக்கு முதுகுதான், மருதமுனையில் தொழுதாலும் கடலுக்கு முதுகுதான். ஐந்து பேரும் பிறந்த நாள் முதல் அப்படியே நின்று பழகியவர்கள். தீவென்றால் நாலு பக்கமும் கடல் என்பதும், அங்கே வயல் பக்கம் என்று ஒரு பக்கமே இல்லை என்பதும் எங்கள் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டினோம். குசினிச் சுவரைப் பார்த்துத் தக்பீர் கட்டினேன்.

அஸர் தொழுதோம். மஃரிப் தொழுதோம். வானம் முழுக்க ஒரே மேகம். சூரியன் எந்தப் பக்கம் போனதென்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இஷாவுக்கு நான் மழைச் சத்தத்தையும் மீறி நீட்டி இழுத்து, எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய சூறாவை ஓதினேன். பின்னால் மாமாவின் முழங்கால் முறிகிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஹசனையும் கூப்பிட்டு மாமி மாசிச் சம்பல் பரிமாறினார். தன் தீவின் மாசியை, கடல் கடந்து போய்த் திரும்பி வந்த மாசியை, அந்த மனுஷன் மரியாதையாக இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மாமிக்குச் சந்தோஷம். "இடம் பரவாயில்லன்டு சொல்லு" என்று சிபானாவிடம் சொன்னார். பரவாயில்லை என்பதற்கும் நல்ல வீடு என்பதற்கும் இடையில் ஒரு சூரியோதயம்தான் பாக்கி என்று நான் கணக்குப் போட்டேன்.

சுபஹுக்கு எழும்பினால் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தொழுதோம். நானே இமாம். சலாம் கொடுத்த கையோடு எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கதிரைகளைக் கடலைப் பார்க்கத் திருப்பினேன். மாமாவையும் மாமியையும் இருத்தினேன். கடையில் புதுப் பெயின்ட் டின்னைத் திறந்து காட்டுகிறவன் மாதிரிப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

காத்திருந்தோம். வெளிச்சம் வந்தது. கடல் மட்டும் கறுப்பாகவே கிடந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் மேகம் மறைக்கிறது போல என்றேன். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மேகம் ஒன்றையும் காணவில்லை. இந்த நாட்டில் சூரியன் கொஞ்சம் சுணங்கித்தான் எழும்பும் என்றேன். (சொன்னேன். சத்தியமாக இதைச் சொன்னேன்.)

"வாப்பா, எங்கட நிழலெல்லாம் கடலுக்குள்ள விழுது" என்றாள் ஹனா.

பார்த்தோம். மணலில் ஐந்து நிழல், நீட்டி நிமிர்ந்து, தலைகள் அலைக்குள் கிடந்தன. மெதுவாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், திரும்பினோம். குசினிக் கூரைக்கு மேலே, தென்னைகளுக்கு நடுவில், தகதகவென்று சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து நாங்கள் எந்தச் சுவரைப் பார்த்து நெற்றியை வைத்தோமோ, அதே சுவருக்குப் பின்னாலிருந்து எழும்பியது.

மாமா தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார். மாமி வழமை போலச் சிபானாவைப் பார்த்தார். சிபானா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, மணலில் குந்திவிட்டாள். தபால் கந்தோர் மூடிவிட்டது. மாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் முகத்தை நேரே பார்த்தார்.

"மகன், அப்ப நாம எந்தப் பக்கம் பாத்துத் தொழுத?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னோடு நேரே கதைத்த முதல் வசனம் அதுதான். பழக்க தோஷம் விடவில்லை. சிபானா பக்கம் திரும்பி, "தெரியாதாமென்டு சொல்லு" என்றேன்.

மாமி சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயைத் திறந்து, பிறகு கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மாமாவும் தொடங்கினார். எனக்கோ மணலைத் தோண்டி உள்ளே போய்ப் படுக்கலாம் போல இருந்தது. வாழ்க்கையில் ஒரேயொரு வீடு பார்த்தேன். அதில் ஒரு குடும்பத்தையே கிப்லாவுக்கு முதுகு காட்டவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஹசன் தேத்தண்ணியோடு வந்தார். ஹனா ஓடிப்போய், தனக்குத் தெரிந்த இங்கிலீசில் முகட்டு அம்புக்குறியைப் பற்றிக் கேட்டாள். அது கிப்லா, நேற்றே வாப்பாவுக்குச் சொன்னேனே என்றார் அவர். நெருப்புப் பாதை என்று வாப்பா சொன்னதை ஹனா அவருக்கு எடுத்துச் சொன்னாள். ஹசன் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்; நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னேன். பிறகு, இங்கே சூரியன் மறைகிற அழகைப் பார்க்கத்தான் எல்லாரும் இந்த வீட்டை எடுப்பார்கள், படத்துக்குக் கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சூரியன் நன்றாக மேலே வரும்வரை இருந்து, தொழுததையெல்லாம் திரும்பத் தொழுதோம். நான் பின்னால் போய் நின்றேன். மாமா விடவில்லை, வீட்டுக்காரர் நீங்கதான் என்று மறுபடியும் முன்னால் தள்ளினார். ஹனா முகட்டைப் பார்த்துப் பார்த்து, என் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, காலை நேராக்கி நிறுத்திவிட்டாள். இந்த முறை என் சூறாக்கள் எல்லாம் மிகவும் சின்னவை.

அன்று பின்னேரம் கதிரைகளைத் திருப்பவேண்டிய தேவை இருக்கவில்லை. சூரியன் செக்கச் செவேலென்று கடலுக்குள் இறங்கியது. வாழ்நாள் முழுக்கக் கடலோரத்தில் இருந்த மாமி, சூரியன் கடலில் விழுவதை அன்றுதான் முதன்முதல் பார்த்தார். "சுபஹானல்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். இருட்டும் வரைக்கும் எழும்பவில்லை. பிறகு சிபானா பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வீடு நல்ல வீடு மகன். நாமதான் திரும்பி நின்டுட்டம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணல் விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

நாங்கள் ஊர் வந்து சேர முன்பே கதை வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்து தொழுவதற்குக் கிப்லா கேட்டால், மாமி குசினியிலிருந்தே குரல் கொடுப்பார்: "மருமகன்ட்டக் கேளுங்க. அவர் காட்டுற பக்கத்துக்கு முதுகக் குடுத்துத் தொழுங்க." கடையில் பிணைச்சல் வாங்க வருகிறவர்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதை மட்டும் என்னிடம் கேட்பதில்லை. தபால் சேவையும் அத்தோடு நின்றுபோனது. மாமி இப்போது என்னோடு நேரேதான் கதைக்கிறார்; என் குறட்டை, என் சேட்டு, நான் வாங்கி வருகிற மீன், ஒன்றையும் விடுவதில்லை. சில நாட்களில் சிபானா வழியாகவே வந்திருக்கலாம் என்று தோன்றும்.

போன மாதம் ஹனாவுக்கு வீடு கட்டக் காணி தேடுகிற கதை எழுந்தது. பெண்பிள்ளை வளர்ந்தால் எங்கள் ஊரில் எழுகிற கதைதான். அந்தப் பேச்சு நடக்கும்போது நான் வழக்கம் போல ஓரமாக இருந்து பேப்பர் பார்ப்பவன். மாமி வந்து முன்னால் நின்றார்.

"காணிய நீங்க போய்ப் பாருங்க மகன். உங்களுக்கு நல்ல இடம் பாக்கத் தெரியும்."

நான் பேப்பரை மடித்தேன். சிபானா என்னைப் பார்த்தாள், மாமா என்னைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி அதற்குள் குசினிப் பக்கம் திரும்பி நடந்துகொண்டே மிச்சத்தையும் சொன்னார்.

"கிப்லாவ நாங்க பாத்துக்கிறம்."